அடைக்கலம் அருளன்று, உரிமையே!

கோவிற்பட்டிக்குக் கிழக்கே எட்டயபுரம் நோக்கி விரியும் கரிசல் நிலம் வானம் பார்த்த நிலம். மழை பொய்த்தால் பருத்தி பொய்க்கும். கம்பும் சோளமும் கருகும். அந்த எட்டயபுர வட்டாரத்துத் தாப்பாத்தியில், கடல் கடந்து உயிர்தப்பி வந்த ஈழத் தமிழர் பல்லாண்டுகளாகக் குடியிருக்கின்றனர். கரிசல் உழவன் மழையை நம்பி வாழ்வது போன்றே அவர்கள் அரசின் அருளை நம்பி வாழ்கின்றனர். உழவனுக்கேனும் தன் நிலத்தின்மேல் உரிமையாவணம் உண்டு. இவர்களுக்கோ நிற்கும் மண்ணில் நிற்பதற்கே உறுதியான சட்டவுரிமை இல்லை.

உலக நாடுகள் ஏதிலியர்க்கென ஓர் உடன்படிக்கையை 1951-இல் செனீவாவில் செய்தன. உயிருக்கோ உரிமைக்கோ கேடு நேரும் நாட்டிற்கு ஏதிலியைத் திருப்பி அனுப்பலாகாது என்பது அதன் 33-ஆம் பிரிவு. அதன் எல்லையை விரித்து 1967-இல் ஒரு துணை உடன்பாடும் வந்தது. இந்தியா இவ்விரண்டிலும் கையெழுத்திடவில்லை. சரி, தனக்கென ஒரு சட்டமேனும் செய்துகொண்டதா? அதுவும் இல்லை. வெள்ளையன் காலத்து 1946-ஆம் ஆண்டு அயல்நாட்டார் சட்டமே நெடுங்காலம் ஆண்டது. 2025-இல் அதன் இடத்தில் புதிய சட்டம் வந்தது. புதியதிலும் ஏதிலிக்குத் தனி இலக்கணம் இல்லை. ஊர்சுற்றிப் பார்க்க வந்த செல்வனும், வீடு எரிய ஓடிவந்த ஏழையும் அச்சட்டத்தின் கண்ணுக்கு ஒரே அயலார்.

2015 சனவரி 9-ஆம் நாள்வரை அடைக்கலம் புகுந்து பதிவு செய்துகொண்ட ஈழத் தமிழர்க்கு அச்சட்டத்தின் தண்டனைகளினின்று விலக்களித்து, நடுவணரசு 2025-இல் ஆணை பிறப்பித்தது. வரவேற்க வேண்டியதே. ஆயினும் ஆணையால் வந்தது ஆணையாலேயே போகும். மேலும், 2022-இல் இலங்கையில் பொருளியல் சீர்குலைந்தபோது பட்டினிக்கு அஞ்சித் தனுக்கோடி மணல்திட்டில் வந்திறங்கிய தாய்மாரும் குழந்தைகளும் அந்நாளுக்குப் பிற்பட்டவர்கள். பசிக்கும் கடைசி நாள் குறிக்க இயலுமா?

அரசமைப்புச் சட்டத்தின் 14, 21-ஆம் பிரிவுகள் குடிமக்களை மட்டுமன்றி எல்லா மாந்தரையும் காப்பன. அருணாசலத்துச் சக்குமா மக்களின் உயிரைக் காப்பது அரசின் கடன் என 1996-இல் உச்ச அறமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அதே அறமன்றம் 2021-இல், உரிய நடைமுறைப்படி இரோகிங்கியா மக்களை வெளியேற்றலாம் என்றது. 2025 மேத் திங்களில் ஓர் ஈழத் தமிழரின் வழக்கில், உலகெங்கும் உள்ள ஏதிலியரை ஏற்க இந்தியா என்ன சத்திரமா என்னும் பொருள்படக் கேட்டது. தெளிவான சட்டம் இல்லாதபோது, ஏதிலியின் உயிர் அந்தந்த நாளின் நடுவரைப் பொறுத்ததாகி விடுகின்றது.

2019-ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டமோ பாக்கித்தான், வங்காளதேசம், ஆப்கானித்தான் ஆகிய மூன்று நாடுகளினின்று வந்த ஆறு சமயத்தார்க்கு மட்டும் கதவைத் திறந்தது. முசுலிம்கள் அப்பட்டியலில் இல்லை, இலங்கையும் இல்லை. சமயத்தால் துன்புற்றோருள் சிலரைக் கண்ட கண், மொழியாலும் இனத்தாலும் துன்புற்றோரைக் காணவே இல்லை.

இவர்களுள் மலையகத் தமிழர் நிலை இன்னும் கொடிது. வெள்ளையன் காலத்தில் வறட்சி துரத்த, நெல்லை, முகவைச் சீமைகளின் வறண்ட ஊர்களிலிருந்தும் மக்கள் இலங்கைத் தோட்டங்களுக்குப் போயினர். 1948-இல் இலங்கை அவர்தம் குடியுரிமையைப் பறித்தது. 1964 அக்குதோபர் 30-ஆம் நாள் சாத்திரியும் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தத்தில் 9,75,000 மக்களுள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தனர். அவ்வழியினர் பலர் பின்னர்க் கலவரத்திற்கு அஞ்சிப் படகேறி வந்தபோது, பாட்டன் பிறந்த மண்ணிலேயே ‘சட்டப்புறம்பாய் நுழைந்தோர்’ எனப்பட்டனர். அவ்வாறு கருதாமல் அவர்தம் குடியுரிமை வேண்டுகையை ஆராய்க என்று 2019-இல் மதுரை உயர் அறமன்றக் கிளை கூறவேண்டியிருந்தது. 1987 சூலை முதல் நாளுக்கு முன் இந்திய மண்ணில் பிறந்தோர் பிறப்பாலேயே குடிமக்கள் என்பது சட்டம். அவ்வாறு மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணும், கடவுச்சீட்டுப் பெற 2022-இல் அதே அறமன்றத்தின் படியேற நேர்ந்தது. எழுதப்பட்ட உரிமையையும் ஒவ்வொருவராய் வழக்காடியே பெறுவதென்றால், வழக்காடப் பொருளில்லாதார் என் செய்வர்?

தமிழுணர்வாளர் சிலர் ஒரு தடை எழுப்புவர். இந்தியச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. ஆகவே இங்குக் குடியுரிமை பெற்றால் ஈழமண்ணின் மேலுள்ள உரிமை அறும். அது சிங்களத்திற்கே ஊதியம் என்பர். இக்கவலை பொருளற்றதன்று. ஆயினும் முடிவு எவருடையது? 1964-இல் இரு தலைவர்கள் மக்களைக் கேளாமலே எண்ணிப் பங்கிட்டனர். இன்று இனநலத்தின் பெயரால் மக்களைக் கேளாமலே முடிவு செய்வதும் அதே பிழை. திரும்ப விரும்புவோர் மானத்தோடு திரும்புக. தங்க விரும்புவோர் குடிமக்களாகத் தங்குக. இரண்டிற்கும் இடைப்பட்ட காலத்தில், தங்கவும் தொழில் செய்யவும் கற்கவும் தடையின்றிச் சென்றுவரவும் உரிமை தரும் ஏதிலியர் சட்டமே இவ்விரு வழிகளையும் திறந்து வைக்கும்.

தமிழக அரசு 2021-இல் 317.40 கோடி உருபா ஒதுக்கிப் புதிய வீடுகள் உள்ளிட்ட நலப்பணிகளைச் செய்ய முனைந்ததும், ‘மறுவாழ்வு முகாம்’ எனப் பெயர் மாற்றியதும் பாராட்டத்தக்கன. எனினும் குடியுரிமை நடுவணரசின் கையில் உள்ளது. கூரையைத் தமிழகம் வேய்ந்தாலும், கூரையின் கீழிருப்பவர் யார் எனச் சொல்லும் உரிமை தில்லியிடமே இருக்கின்றது.

அடைக்கலம் என்பதற்குச் சிலப்பதிகாரம் ஒரு தனிக் காதையே வகுத்தது. கவுந்தியடிகள் ஒப்படைத்த கண்ணகியை ஏற்றவள் ஆய்ச்சியாகிய மாதரி. தன் அடைக்கலத்தைக் காக்க இயலவில்லையே என்று அவள் தீப்புகுந்தாள் என்பது அந்நூல் கூறும் செய்தி. அடைக்கலம் ஏற்றவர்க்கு அது கடன். புகுந்தவர்க்கு அது உரிமை. மோர் விற்ற ஒருத்தி அறிந்த இவ்வறத்தைப் பேரரசு ஒன்று அறியாதிருத்தல் இழுக்கு.

ஆகவே தமிழர் கேட்கவேண்டியவை மூன்று: ஏதிலியர்க்குத் தனிச் சட்டம், பிறப்பாலும் ஒப்பந்தத்தாலும் உரியவர்க்கு வழக்கின்றிக் குடியுரிமை, விருப்பின்றி எவரையும் திருப்பியனுப்போம் என்னும் எழுத்துறுதி. இவற்றைத் தேர்தற்காலத்து இரக்கப் பேச்சாக அன்றி, வாக்குக் கேட்டு வரும் ஒவ்வொருவரிடமும் விடைபெறும் வினாக்களாக எழுப்புக!