கித்தாருக்கு என்ன மரம்?



கிள்ளானிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவர் மகள் தேவாலயப் பாடற்குழுவில் கித்தார் வாசிக்கிறாள். கடையில் வாங்கியது இனிப் போதாது என்கிறாளாம். 'கையால் செய்து கொடுப்பவர்கள் நம் நாட்டில் உண்டா? உண்டென்றால் என்ன மரத்தில் செய்யச் சொல்வது?' என்று கேட்கிறார்.

உண்டு. வீணையென்றால் நம்மவர்களுக்கு வழி தெரியும். பிரிக்பீல்ட்ஸ் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் வட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் தஞ்சாவூர், பலா மரம், ஆசாரி என்று பேச்சு நீளும். ஆனால் கித்தார் என்றதும் அது ஏதோ தொழிற்சாலையிலிருந்து பெட்டியில் வந்து இறங்கும் பொருள் என்றே பலரும் நினைக்கிறோம். அதையும் சொல்லிச் செய்துகொள்ளலாம். கோலாலம்பூரின் ஜெஃப்ரி யோங் பல ஆண்டுகளாகக் கித்தார் செய்கிறார், செய்யக் கற்றும் கொடுக்கிறார். தமிழ்நாட்டுப் பக்கம் ஆரோவில்லில் எரிசா நியோகி இருக்கிறார்.

மரத்தைப் பற்றிய கேள்விக்குத்தான் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும்.

நல்ல கித்தாரின் முதுகும் விலாவும் ஈட்டி மரமாக இருக்க வேண்டும் என்பது நெடுநாள் நம்பிக்கை. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் நம் ஈட்டிதான் உலகமெங்கும் கித்தார் செய்பவர்களிடம் போய்ச் சேர்கிறது. அதைவிட உசத்தி பிரேசில் ஈட்டி என்பார்கள். அதன் வணிகத்துக்கு 1992-லேயே தடை வந்துவிட்டது. 2017 ஜனவரியில் ஈட்டி இனம் முழுவதையும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை தன் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. கித்தாரோடு விமானம் ஏறுவதற்கே பலர் பயந்த காலம் அது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 இறுதியில் விலக்குக் கொடுத்தார்கள். பிரேசில் ஈட்டிக்கு மட்டும் இன்றுவரை விலக்கில்லை.

இவ்வளவு கட்டுப்பாடு வந்த பிறகாவது, அந்த மரம் அவ்வளவு உசத்திதானா என்று கேட்க வேண்டாமா? கேட்டிருக்கிறார்கள். இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. ரோஜர் பக்னல் என்ற கைவினைஞர் ஆறு கித்தார்கள் செய்தார். எல்லாம் ஒரே அமைப்பு, முதுகுக்கும் விலாவுக்கும் மட்டும் வெவ்வேறு மரம். 52 கித்தார் கலைஞர்களுக்கு வெல்டிங் கண்ணாடி மாட்டி, மங்கிய வெளிச்சத்தில் வாசிக்கச் சொன்னார்கள். விலை உயர்ந்த மரத்துக்கும் மலிவான மரத்துக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண்தான் விழுந்தது.

ஜெஃப்ரி யோங்கின் கதை இன்னும் சுவையானது. அவர் கையில் எடுத்தது தூங்குமூஞ்சி மரம். சாயங்காலம் ஐந்து மணிக்கு இலை மூடுவதால் மலாய்க்காரர்கள் 'புக்குல் லீமா' என்பார்களே, தைப்பிங் ஏரிப் பூங்காவில் கிளைகளை நீர்மேல் நீட்டிக்கொண்டு நிற்கிறதே, அதேதான். அமெரிக்கத் தந்தி இசைக்கருவிக் கைவினைஞர் சங்கத்தின் 2006 மாநாட்டில், எது யார் செய்தது என்று தெரியாமல் கேட்டு மதிப்பிடும் சோதனையில் அவருடைய தூங்குமூஞ்சிக் கித்தார் முதலிடம் பெற்றது. சாலையோர நிழலுக்கென்று நட்ட மரம்! எனக்கு இதில் பெருமை கொஞ்சம் அதிகம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதுகு மரம் அவ்வளவு முக்கியமில்லை என்றால், சத்தத்தைத் தீர்மானிப்பது எது? பெரும்பாலும் தந்திகளுக்கு அடியிலுள்ள முகப்பலகைதான். ஸ்புரூஸ் அல்லது சீடார் மரத்தை மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவாக இழைக்கிறார்கள். பலகையை இரண்டு விரலில் தொங்கவிட்டு, விரல் முட்டியால் தட்டி, காதருகே வைத்துக் கேட்கிறார்கள். சந்தையில் பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்பதுபோலத்தான். 'தொப்' என்றால் இன்னும் இழைக்க வேண்டும், மணிபோல் கணகணத்தால் நிறுத்த வேண்டும். உள்ளே ஒட்டும் சட்டங்களையும் உளியால் சீவிச் சீவி, தட்டிப் பார்ப்பார்கள். இரும்புத் தந்திகள் ஆறும் சேர்ந்து சுமார் 70 கிலோ விசையில் இழுக்கும். அதைத் தாங்குமளவு உறுதியும் வேண்டும், அதிருமளவு மெலிவும் வேண்டும். எங்கே நிறுத்துவது என்று தெரிந்த கைக்குத்தான் நாம் பணம் கொடுக்கிறோம். கடைக் கித்தாரைவிடப் பல மடங்கு விலை, மாதக்கணக்கில் காத்திருப்பு, இரண்டுக்கும் தயாராக இருங்கள்.

உள்ளூர்க்காரரிடம் செய்வதில் நமக்குப் பெரிய லாபம் நம் ஊர்க் காற்று அவருக்குத் தெரியும் என்பது. மேல்நாட்டுப் பட்டறைகளில் காற்றின் ஈரப்பதத்தை 45, 50 விழுக்காட்டில் வைத்து ஒட்டுகிறார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கிலோ 80 என்பது சாதாரண நாள். அங்கே ஒட்டிய பலகை இங்கே ஈரத்தைக் குடித்து வயிறு உப்பும், தந்தி எழும்பி நிற்கும், விரல் நுனி காந்தும். இரவெல்லாம் ஏர்கோன், பகலெல்லாம் திறந்த ஜன்னல் என்றால் இன்னும் மோசம்.

ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது? கித்தார் ஆசிரியர்களிடம் 'யாரிடம் பழுது பார்க்கிறீர்கள்?' என்று கேளுங்கள். ஃபிரெட் மாற்றுபவர், பெயர்ந்த பிரிட்ஜை ஒட்டுபவர் பலர் சத்தமில்லாமல் ஆண்டுக்கு ஒன்றிரண்டு கித்தாரும் செய்வார்கள். அப்படி ஒருவரிடம் போனால், அவர் நேற்று முடித்ததைப் பார்க்காதீர்கள். ஐந்து வருடம் யார் வீட்டிலாவது கிடந்ததைக் காட்டச் சொல்லுங்கள். முகப்பலகை உப்பியிருக்கிறதா, கழுத்து வளைந்திருக்கிறதா என்று அதில் தெரிந்துவிடும். மகளையும் கட்டாயம் கூட்டிப் போங்கள். கழுத்தின் அகலம் 43 மில்லிமீட்டரா 45-ஆ என்பதை அவள் கையைப் பார்த்துத்தான் அவர் சொல்ல முடியும். அவர் உங்களிடம் ஒன்றுமே கேட்காமல் முன்பணம் மட்டும் கேட்டால், வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

ஈப்போ, பினாங்கு, ஜொகூர் வாசகர்களே, உங்கள் ஊரில் கித்தார், வீணை, ஆர்மோனியம் எதையாவது செய்பவரோ பழுது பார்ப்பவரோ இருந்தால் அவர் சம்மதத்தோடு எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் அரைப் பக்கம் காலியாக வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்