கண்டிப்பான முதலாளி நல்லவரா, கெட்டவரா?

"கண்டிப்பான முதலாளிகிட்ட வேலை பார்த்தவன்தான் உருப்படுவான்!" வேலைக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் வீட்டுப் பெரியவர்கள் தரும் இலவச அறிவுரை இது. இதில் பாதி உண்மை. மீதிப் பாதிதான் ஆபத்து.

முதலில் நல்ல பாதி. தஞ்சைப் பக்கத்து நாகஸ்வர குருகுலங்களில் ஒரு ஸ்வரம் பிசகினாலும் குரு விடமாட்டார். விடியுமுன் எழுந்து சாதகம் செய்தாக வேண்டும். அப்படிக் கற்ற வித்தை எந்த ஊர்க் கச்சேரிக்குப் போனாலும் கூடவே வரும். அலுவலகத்திலும் அப்படித்தான். நேரம், சுத்தம், பொறுப்பு எல்லாம் கறாரான ஆளிடம்தான் சீக்கிரம் படியும்.

சரி, இப்போது திருக்கடையூர் கதைக்கு வருவோம். தை அமாவாசையன்று கோயிலுக்கு வந்த சரபோஜி மன்னர், "இன்று என்ன திதி?" என்று கேட்கிறார். அம்பாள் நினைவில் இருந்த பட்டர் "பௌர்ணமி" என்று சொல்லிவிடுகிறார். நிலா வராவிட்டால் உயிர் போகும் என்ற நிலை. பட்டர் அபிராமி அந்தாதி பாடப் பாட, 79ஆம் பாட்டில் நிலா வந்தது என்பார்கள்.

"பார்த்தீர்களா, நெருக்கடி கொடுத்ததால்தானே அந்தாதி பிறந்தது?" என்று மேனேஜர்கள் கேட்கலாம். இல்லை ஐயா! அரசர் கேட்டது வெறும் திதி. அந்தாதி வந்தது பட்டரின் பக்தியிலிருந்து. மிரட்டினால் பாட்டு வரும் என்றால் அரண்மனைச் சிறை முழுக்கக் கவிஞர்கள் அல்லவா இருந்திருக்க வேண்டும்?

மிரட்டி வேலை வாங்குவதை இதே காவிரி டெல்டா நிறையவே பார்த்துவிட்டது. பண்ணையாள் தாமதமாக வந்தால் சவுக்கடி, சாணிப்பால். இதற்கும் அன்று பெயர் 'கண்டிப்பு'தான்! பி. சீனிவாசராவ் போன்றோர் தலைமையில் போராடி, 1944 மன்னார்குடி ஒப்பந்தத்தில் இந்தக் கொடுமைகளுக்கு முடிவு எழுதினார்கள். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சவுக்கு போன பிறகு நெல் விளைய மறுத்துவிட்டதா என்ன?

பழங்கதை என்று ஒதுக்கவும் முடியாது. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் வர 2021 ஆனது. நாள் முழுக்கக் கால் கடுக்க நிற்க வைத்ததால் விற்ற புடவையின் தரமா கூடியது?

ஆக, கண்டுபிடிப்பது சுலபம். முதலாளி திட்டும்போது வேலையில் உள்ள தப்பைச் சொல்கிறாரா, வேலை செய்பவரைக் கேவலப்படுத்துகிறாரா? முதலாவது என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு கற்றுக்கொள்ளலாம். இரண்டாவது என்றால் அது கண்டிப்பு இல்லை, திமிர். சீக்கிரம் வேறு வேலை தேடுவதே நல்லது.

வேறு வேலைக்குப் போக வழியே இல்லாதவர்கள் என்ன செய்வது? அன்றைய பண்ணையாட்களுக்கும் அந்த வழி இருக்கவில்லை. அவர்கள் ஒன்று சேர்ந்தார்கள்.