அடுப்பருகில் நின்றவர் யார்?

நகரத்துக் காற்றின் மாசு இன்று இத்தனை அலகு என்று நாளேடுகள் ஓர் எண்ணைத் தருகின்றன. ஏதோவொரு கட்டடத்தின் மேலோ சாலையோரத்திலோ நிறுவப்பட்ட கருவி அளந்து சொன்ன எண் அது. கருவி நின்ற இடத்திலேயே நிற்கிறது. மனிதர்களோ நாள் முழுதும் இடம் மாறிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் உண்மையில் எவ்வளவு மாசுக்கு ஆட்படுகிறார் என்றறிய, அவர் இருந்த ஒவ்வோர் இடத்தின் மாசளவையும் அங்கே கழித்த நேரத்தால் பெருக்கிக் கூட்டவேண்டும். ஆகவே இத்துறையில் கருவிக்கு நிகரான இடம் நாட்குறிப்புக்கும் உண்டு.

அமெரிக்காவில் 1992 முதல் 1994 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பு ஒன்றில், முந்தைய நாளின் 24 மணி நேரத்தையும் எங்கே, என்ன செய்து கழித்தீர்கள் என்று 9,386 பேரிடம் தொலைபேசியில் கேட்டனர். அவர்களுடைய நேரத்தில் ஏறத்தாழ 87 விழுக்காடு கட்டடங்களுக்குள்ளும் 6 விழுக்காடு வாகனங்களுக்குள்ளும் கழிந்திருந்தது. வெளிக்காற்று உள்ளேயும் புகும் என்பது மெய்தான். ஆனால் அடுப்பும் சிகரெட்டும் கொசுவர்த்தியும் உள்ளேயே புகைபவை. அவற்றைத் தெருமுனைக் கருவி அறியாது.

இதைவிட நம்மைச் சிந்திக்க வைப்பது கென்யாவில் மஜீத் எஸாட்டியும் டேனியல் காமெனும் செய்து 2001இல் வெளியிட்ட ஆய்வு. விறகும் கரியும் எரியும் 55 வீடுகளில் புகையை அளந்ததோடு, வீட்டார் ஒவ்வொருவரும் எந்நேரத்தில் அடுப்புக்கு எவ்வளவு அருகில் இருந்தார் என்பதையும் அவர்கள் கவனித்தனர். புகை நாள் முழுதும் சீராக இருப்பதில்லை. நெருப்பை மூட்டும்போதும், விறகைத் தள்ளும்போதும் அது திடீரென உயர்கிறது. அக்கணங்களில் அடுப்பருகில் இருப்பவர் சமைப்பவரே, அதாவது பெரும்பாலும் பெண். வீட்டின் சராசரிப் புகையை மட்டும் கொண்டு கணக்கிட்டால் அவளுடைய பங்கு குறைந்தே தெரியும்.

சராசரி என்பது இங்கே வெறும் கணித வசதியன்று. அது ஒருவருடைய உழைப்பையும் நோயையும் சேர்த்தே மறைத்துவிடுகிறது. 'சமைத்தேன்' என்று குறிப்பேட்டில் ஒரு சொல் எழுதினால் போதாது. ஊதியது, கிளறியது, இடையே குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றது, எல்லாம் அச்சொல்லுக்குள் புதைந்து போகின்றன. சிறுகதை வாசகர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரு வாழ்க்கை தெரிவது இத்தகைய சில்லறை விவரங்களில்தான் என்று அவர்கள் அறிவார்கள்.

இனி நாட்குறிப்பு எதற்கு, கைப்பேசியே ஆளைத் தொடர்ந்து சொல்லிவிடுமே என்பார்கள். மறதிக்கும் உத்தேசக் கணக்குக்கும் அது மாற்று என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் கைப்பேசி, இடத்தைச் சொல்லுமேயன்றிச் செயலைச் சொல்லாது. கூடத்தில் கிடக்கும் கைப்பேசிக்குச் சமையலறைப் புகை தெரியாது. பல வீடுகளில் அது கணவனோடு வெளியே போய்விடுகிறது. அப்போது வீட்டிலிருப்பவளின் நாள் எங்குமே பதிவாகாது. தவிரவும், ஒருவருடைய நடமாட்டத்தை இரவுபகலாகச் சேகரிப்பவர் அவருடைய அந்தரங்கத்தையும் சேர்த்தே கைக்கொள்கிறார். கேட்டு எழுதும் குறிப்பேட்டில், எதைச் சொல்வது என்னும் உரிமையாவது சொல்பவரிடம் எஞ்சுகிறது.

கருவிகளைப் பெருக்குவது வேண்டியதே. அதற்குச் செலவிடும் அக்கறையில் ஒரு பங்கையாவது, புகைக்கு மிக அருகில் நிற்பவரிடம் சென்று அவருடைய நாளைப் பொறுமையாகக் கேட்டு எழுதுவதற்கும் செலவிட வேண்டும் என்பதே நம் கருத்து.