ஜே.சி.பி வாடகை... மீட்டர் கணக்கு பில்லில் ஏறட்டும்!

கேள்வி: ‘‘விவசாயத்தோடு, கடனில் ஜே.சி.பி வாங்கி வாடகைக்கு ஓட்டுகிறேன். பணம் கேட்டால், ‘இவ்வளவு நேரம் ஓடலையே’ என்று உறவுக்காரர்களே தகராறு செய்கிறார்கள். பில் எப்படிப் போடுவது?’’
- வாசகர், மணப்பாறை.

பதில்: வேலைக்கு முன்பே மணி வாடகை, வண்டி வந்து போகும் செலவு, டிரைவர் பேட்டா, குறைந்தபட்சம் எத்தனை மணி நேரம் என்பதைப் பேசி முடித்துவிடுங்கள்.

அடுத்தது மீட்டர். புள்ளிக்குப் பிறகு வரும் எண் நிமிடம் அல்ல. மணியில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 6 நிமிடம். தொடக்கத்தில் 3412.4, முடிவில் 3417.1 என்றால், ஓடியது 4.7 மணி. அதாவது, 4 மணி 42 நிமிடம். இதை 4 மணி 7 நிமிடம் என்று எதிராளி நினைத்தால், மணிக்கு 1,200 ரூபாய் வாடகையில் 700 ரூபாய் இடிக்கும். இதை முதலிலேயே விளக்கிவிடுங்கள். மண் வெட்டாமல் நின்றாலும் இன்ஜின் ஓடினால் மீட்டர் ஓடும். எனவே, டீ குடிக்கும்போது இன்ஜினை அணைக்கச் சொல்லுங்கள்.

கார்பன் வைத்த பில் புத்தகம் போதும். தேதி, சர்வே எண், செய்த வேலை, இரண்டு ரீடிங், தொகை, முன்பணம், பாக்கி, அதைத் தரும் தேதி எல்லாம் இருக்கட்டும். வயலிலேயே, அன்றே கையெழுத்து வாங்குங்கள். ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயை நெருங்கினால், ஜி.எஸ்.டி பதிவு பற்றி ஆடிட்டரிடம் கேளுங்கள்.

உறவுக்காரருக்கும் இதே பில்தான். சலுகை கொடுப்பதானால், முழுத்தொகையை எழுதி, சலுகையைத் தனி வரியில் கழித்துக் காட்டுங்கள்.