ஒரே தரநிலை... யார் செலவில்?

கடந்த 2023 நவம்பர் 19 அன்று ஆமதாபாதில் நடைபெற்ற உலகக் கோப்பை கிரிக்கெட் இறுதி ஆட்டத்தை, ஒரே இணையச் செயலியில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்ததாகப் பதிவாகியது. இதை இந்திய எண்மப் புரட்சியின் வெற்றி என்று பலரும் கொண்டாடினர். அதில் தவறில்லை. ஆனால், அந்த 5.9 கோடிப் பேருக்கும் அதே காட்சி தனித்தனியாக, 5.9 கோடி முறை அனுப்பப்பட்டது என்பதை எவரும் பேசவில்லை. ஒரு தொலைக்காட்சிக் கோபுரம் அதே காட்சியைத் தன் எல்லைக்குள் ஒரே ஒரு முறைதான் அனுப்பியிருக்கும். பார்ப்பவர் ஒருவராயினும் ஒரு கோடிப் பேராயினும் அதற்குச் செலவு ஒன்றே.

நான் கல்லூரியில் பொருளியல் கற்பித்த நாள்களில், பொதுப் பண்டத்துக்குக் கலங்கரை விளக்கத்தை எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். ஒரு கப்பல் அந்த ஒளியைப் பயன்படுத்துவதால் இன்னொரு கப்பலுக்கு ஒளி குறைந்துவிடாது. ஒளிபரப்பு அலையும் அத்தகையதே. கைப்பேசி வலைப்பின்னல் அப்படிப்பட்டதன்று. ஒரு கோபுரத்தின் கீழ் ஆயிரம் பேர் காணொலி பார்த்தால், ஆயிரத்தோராவது நபருக்குக் காட்சி தடுமாறும். ஒளிபரப்பு, தொலைத்தொடர்பு, இணையம் ஆகிய மூன்றும் ஒரே கைப்பேசித் திரையில் சங்கமித்துவிட்ட காலம் இது. அந்தத் திரைக்குக் காட்சி எந்த வழியாக வர வேண்டும் என்பதுதான் இன்று நம் முன்னுள்ள கேள்வி.

இதற்கு ஒரு விடையாக மத்திய அரசு முன்வைப்பதுதான் 'டி2எம்' எனப்படும், கைப்பேசிக்கு நேரடி ஒளிபரப்புத் திட்டம். சிம் அட்டையோ இணைய இணைப்போ இல்லாமல், தொலைக்காட்சிக் கோபுரத்திலிருந்து வரும் அலையைக் கைப்பேசியே பெற்றுக் காட்சியாக்கும். 'ஏடிஎஸ்சி 3.0' என்ற தரநிலையை அடிப்படையாகக் கொண்டு, பிரசார் பாரதி, கான்பூர் ஐஐடி, பெங்களூரின் சாங்க்யா லேப்ஸ் நிறுவனம் ஆகியவை இதை வளர்த்தெடுத்தன. 19 நகரங்களில் சோதனை நடைபெறும் என்று 2024 ஜனவரியில் அன்றைய தகவல் ஒலிபரப்புத் துறைச் செயலர் அபூர்வ சந்திரா அறிவித்தார். நாட்டின் ஏறத்தாழ 28 கோடிக் குடும்பங்களில் 19 கோடிக் குடும்பங்களிடம் மட்டுமே தொலைக்காட்சிப் பெட்டி இருக்கிறது. எஞ்சிய 8 முதல் 9 கோடிக் குடும்பங்களை இத்திட்டம் சென்றடையும். கைப்பேசி வலைப்பின்னலின் காணொலிச் சுமையில் 25 முதல் 30 விழுக்காட்டை இது குறைக்கும் என்பன அவர் கூறிய காரணங்கள்.

நோக்கம் நல்லதே. ஆனால், இதே கனவை உலகம் ஏற்கெனவே ஒரு முறை கண்டு, பெரும் பணத்தை இழந்திருக்கிறது. அந்த வரலாற்றை அறியாமல் இத்திட்டத்தை மதிப்பிட முடியாது.

2004-இல் ஐரோப்பா 'டிவிபி-எச்' என்ற கைப்பேசித் தொலைக்காட்சித் தரநிலையை ஏற்றது. 2008-இல் ஐரோப்பிய ஆணையம் அதற்குத் தன் அதிகாரபூர்வ ஒப்புதலையும் வழங்கியது. அதே ஆண்டில் ஜெர்மனியில் அதற்கான உரிமம் பெற்றிருந்த கூட்டமைப்பு, வாடிக்கையாளர் இன்றி உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தது. அமெரிக்காவில் குவால்காம் நிறுவனம் 'மீடியாஃப்ளோ' என்ற தனது சொந்தத் தரநிலையில் 2007-இல் சேவையைத் தொடங்கி, 2011 மார்ச்சில் மூடியது. அதற்கென வைத்திருந்த அலைக்கற்றையை 192.5 கோடி டாலருக்கு ஏடி அண்டு டி நிறுவனத்துக்கு விற்றது. தென்கொரியாவில் ஒரு தரநிலை, ஜப்பானில் ஒரு தரநிலை, சீனாவில் மற்றொரு தரநிலை என உலகம் ஐந்தாறாகப் பிரிந்து நின்றது.

கட்டணமின்றி வழங்கப்பட்ட கொரிய, ஜப்பானியச் சேவைகள் மட்டும் மக்களிடம் ஓரளவு வேரூன்றின. ஜப்பானில் ஒரு காலத்தில் விற்பனையான கைப்பேசிகளில் பெரும்பாலானவற்றில் தொலைக்காட்சி வசதி இருந்தது. உலகச் சந்தைக்கென ஒரே வடிவில் தயாரிக்கப்பட்ட ஐபோன் அங்கு பரவியபோது அந்த வசதியும் தேய்ந்தது. ஒரு நாட்டுக்கு மட்டும் உரிய தரநிலைக்காகப் பன்னாட்டுத் தயாரிப்பாளர் தம் கருவியை மாற்றிக்கொள்ள மாட்டார்.

நம் நாடும் இதில் விலகி நிற்கவில்லை. 2007-இல் தூர்தர்ஷன் தில்லியில் டிவிபி-எச் சோதனை ஒளிபரப்பை நடத்தியது. 2016-இல் சென்னை உள்ளிட்ட 16 நகரங்களில் 'டிவிபி-டி2' என்ற வேறொரு தரநிலையில் கைப்பேசிக்கான இலவச ஒளிபரப்பைத் தொடங்கியது. அதைப் பெறக் கைப்பேசியில் தனியே ஒரு 'டாங்கிள்' பொருத்த வேண்டும். சென்னையில் எத்தனை பேர் அதைப் பொருத்திக்கொண்டோம் என்பதை வாசகர்களே சொல்லலாம். இப்போது வந்திருப்பது மூன்றாவது தரநிலை.

இத்தோல்விகளுக்கு நேர்மாறான வெற்றிக் கதையும் உண்டு. 1987-இல் ஐரோப்பிய நாடுகளின் தொலைத்தொடர்பு அமைப்புகள் ஒன்றுகூடி 'ஜிஎஸ்எம்' என்ற ஒரே தரநிலைக்கு உடன்பட்டன. எந்த நிறுவனத்தின் கருவியும் எந்த நாட்டின் வலைப்பின்னலிலும் இயங்கும் என்ற நிலை உருவானதால் உற்பத்தி பெருகியது, விலை சரிந்தது. 1995-இல் இந்தியாவில் கைப்பேசி சேவை அந்தத் தரநிலையிலேயே தொடங்கியது. பின்னர் வந்த 'சிடிஎம்ஏ' கைப்பேசிகளை வாங்கியவர்கள், நிறுவனத்தை மாற்றினால் கருவியையே மாற்ற வேண்டியிருந்ததை மறந்திருக்க மாட்டார்கள். தரநிலை என்பது பொறியாளர்களின் அகராதியில் உள்ள வெறும் சொல்லன்று. நுகர்வோருக்குத் தெரிவு இருக்குமா, இருக்காதா என்பதை முடிவுசெய்யும் பொருளாதார ஏற்பாடு அது.

ஏட்டில் எழுதிய தரநிலை நடைமுறைக்கு வராவிட்டால் என்னவாகும் என்பதற்கு வெளிநாட்டு எடுத்துக்காட்டு தேவையில்லை. வீட்டுக்கு நேரடியாக வரும் டிடிஎச் சேவைக்கு 2001-இல் வெளியிடப்பட்ட வழிகாட்டு நெறிகளிலேயே, ஒரு நிறுவனத்தின் செட்-டாப் பெட்டி மற்றொரு நிறுவனத்தின் சேவைக்கும் பொருந்த வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. 19 ஆண்டுகள் கழித்து, 2020-இல் டிராய் அதே பொருந்துதன்மையை மீண்டும் பரிந்துரைக்க வேண்டியிருந்தது. எங்கள் வீட்டுப் பரணில் மட்டும் இரண்டு நிறுவனங்களின் பெட்டிகள் பழுதின்றித் தூசி படிந்து கிடக்கின்றன. இவ்வாறு நாடெங்கும் முடங்கிய முதலீடு, எந்தத் தேசிய வருமானக் கணக்கிலும் இழப்பாகக் காட்டப்படுவதில்லை.

இந்தப் பின்னணியில் டி2எம் திட்டத்தைப் பார்க்கும்போது, விடை காணப்பட வேண்டியவை மூன்று.

முதலாவது, கருவியின் விலை. டி2எம் வசதியைச் சேர்த்தால் ஒரு திறன்பேசியின் விலை 30 டாலர் வரை, அதாவது ஏறத்தாழ 2,500 ரூபாய் உயரும் என்று குவால்காம் உள்ளிட்ட நிறுவனங்கள் 2023-இல் அரசுக்குத் தெரிவித்தன. உள்நாட்டுச் சில்லு வடிவமைப்பாளர்கள் இதை மறுத்து, கூடுதல் செலவு மிகக் குறைவு என்கின்றனர். இருதரப்பும் தத்தம் வணிக நலனைச் சார்ந்தே பேசுகின்றன என்பதால் எவர் கணக்கையும் அப்படியே ஏற்பதற்கில்லை. ஆனால், சில்லின் விலையைவிடக் கவனிக்க வேண்டியது காப்புரிமைக் கட்டணம். அமெரிக்காவில் ஏடிஎஸ்சி 3.0 தொடர்பான காப்புரிமை வழக்கு ஒன்றில், ஒரு தொலைக்காட்சிப் பெட்டிக்கு 6.75 டாலர் வீதம் கட்டணம் செலுத்துமாறு 2023-இல் எல்ஜி நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. அதையடுத்து, 2024-ஆம் ஆண்டுக்கான தன் தொலைக்காட்சிப் பெட்டிகளில் அந்த வசதியை நிறுத்திவைப்பதாக எல்ஜி அறிவித்தது. அந்தத் தரநிலையை முன்னின்று வளர்த்த நிறுவனங்களுள் ஒன்றின் நிலையே இது என்றால், பத்தாயிரம் ரூபாய்க்குக் கைப்பேசி வாங்கும் நம் நுகர்வோரின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, அலைக்கற்றையின் விலை. அலைவரிசைகள் பொதுமக்களின் சொத்து என்று 1995-இல் வங்காள கிரிக்கெட் சங்க வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2022-இல் நடைபெற்ற 5ஜி ஏலத்தில் நிறுவனங்கள் ஏறத்தாழ 1.5 லட்சம் கோடி ரூபாய்க்கு அலைக்கற்றை வாங்கின. டி2எம் சேவைக்குப் பேசப்படும் 526 முதல் 582 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைக்கற்றை ஏலமின்றி வழங்கப்பட்டால் அது சமமற்ற போட்டியாகும் என்பது கைப்பேசி நிறுவனங்களின் வாதம். கட்டணமில்லாப் பொது ஒளிபரப்புக்கும் பேரிடர் எச்சரிக்கைக்கும் கல்விக்கும் அலைக்கற்றையை ஏலமின்றி ஒதுக்குவது நியாயமே. ஆனால், அதே அலைக்கற்றையில் தனியார் நிறுவனம் கட்டணச் சேவையோ விளம்பரச் சேவையோ நடத்துமானால், அங்கு கைப்பேசி நிறுவனங்களின் வாதம் செல்லுபடியாகும். எல்லைக்கோடு எங்கே என்பதை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும்.

மூன்றாவது, ஒழுங்குமுறை அதிகாரம். இன்று ஒரே கைப்பேசியில் வரும் அழைப்புக்கு 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம். கேபிள் வழி நிகழ்ச்சிக்கு 1995-ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சிச் சட்டம். இணையத் தொடருக்கு 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள். கட்டணம் குறித்து டிராய் பேசும். உள்ளடக்கம் குறித்துத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் பேசும். அலைக்கற்றை குறித்துத் தொலைத்தொடர்புத் துறை பேசும். டி2எம் வழியாக வரும் ஒரு நிகழ்ச்சி இவற்றுள் எதன்கீழ் வரும்?

இந்தச் சிக்கலை நம் நாடு முன்பே உணர்ந்திருந்தது என்பதுதான் வியப்பு. மூன்று துறைகளுக்கும் ஒரே ஆணையத்தை அமைக்கும் தகவல் தொடர்பு ஒருங்கிணைப்பு மசோதா 2001-இல் மக்களவையில் அறிமுகமானது. 2004-இல் அவை கலைக்கப்பட்டபோது காலாவதியானது. அதே காலகட்டத்தில் பிரிட்டன் ஐந்து தனித்தனி ஒழுங்குமுறை அமைப்புகளை ஒன்றாக்கி 'ஆஃப்காம்' அமைப்பை உருவாக்கியது. மலேசியா 1998-லேயே தகவல் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தை இயற்றிவிட்டது. நாமோ 2023 நவம்பரில் ஒளிபரப்புச் சேவைகள் மசோதாவின் வரைவை வெளியிட்டு, கடும் எதிர்ப்புக்குப் பின் 2024-இல் அதன் திருத்திய வடிவைத் திரும்பப் பெற்றோம்.

இவற்றால் டி2எம் திட்டமே வேண்டாம் என்று நான் கூறவில்லை. 2015 பெருவெள்ளத்தின்போதும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் பல பகுதிகளில் கைப்பேசித் தொடர்பு அற்றுப்போனதை அனுபவித்தவர்கள் நாம். தெருவுக்குத் தெரு நிற்கும் சிறு கோபுரங்கள் மின்சாரமின்றிச் செயலிழந்த வேளையில், தொலைவில் நிற்கும் ஓர் உயர்ந்த கோபுரம் வெள்ள எச்சரிக்கையை எல்லாக் கைப்பேசிகளுக்கும் சேர்க்குமானால் அதன் மதிப்பை ரூபாயில் அளக்க இயலாது. தரவுக் கட்டணம் செலுத்த இயலாத வீட்டு மாணவருக்குப் பாடம் கொண்டு சேர்க்கும் வாய்ப்பும் சிறிதன்று. ஆகவே, செய்வதா வேண்டாமா என்பதைவிட, எந்த வரிசையில் செய்வது என்பதே முக்கியம்.

எல்லாக் கைப்பேசிகளிலும் இந்த வசதி கட்டாயம் என்ற ஆணையோடு தொடங்குவது தவறான வரிசை. காப்புரிமை வைத்திருப்போர் அனைவரும் ஒரு கருவிக்கு அதிகபட்சமாக எவ்வளவு கேட்பார்கள் என்பதை எழுத்துபூர்வமாகப் பெற்று, அரசு வெளியிட வேண்டும். கட்டாயம் வந்த பின் பேரம் பேசினால் விலையை நிர்ணயிப்பவர் காப்புரிமையாளரே. கட்டாயத்துக்கு முன் பேசினால் பேரம் நம் கையில். அடுத்து, 19 நகரச் சோதனைகளின் முழு முடிவுகள், கட்டடங்களுக்குள் அலை எட்டுகிறதா, மின்கலம் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்பன உள்பட, பொதுவெளியில் வைக்கப்பட வேண்டும். கைப்பேசி நிறுவனங்கள் முன்வைக்கும் '5ஜி பிராட்காஸ்ட்' என்ற மாற்றுத் தரநிலையையும் அதே அளவுகோலால் சோதித்து ஒப்பிட வேண்டும். அதன்பின் பள்ளிகள், மீனவக் கிராமங்கள், பேரிடர் அபாயப் பகுதிகள் ஆகியவற்றில் விலை குறைந்த கருவிகளைக் கொண்டு தொடங்கலாம். 2025-இல் சில நிறுவனங்கள் டி2எம் வசதியுள்ள எளிய கைப்பேசிகளை அறிமுகம் செய்திருப்பது இதற்கு ஏற்ற சூழலே. உள்ளடக்கமும் அலைக்கற்றையும் எவர் பொறுப்பு என்பதை நிர்வாக ஆணைகளால் அல்லாமல் நாடாளுமன்றத்தில் விவாதித்துச் சட்டத்தால் முடிவுசெய்ய வேண்டும்.

தொலைக்காட்சிப் பெட்டி இல்லாத அந்த 8 கோடிக் குடும்பங்களின் பெயரால்தான் இத்திட்டம் முன்மொழியப்படுகிறது. கைப்பேசியின் விலை உயர்ந்தால் முதலில் பாதிக்கப்படுவோரும் அவர்களே. தரநிலையை வடிவமைக்கும் குழுக்களில் தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள், ஒளிபரப்பாளர்கள் இருக்கிறார்கள், தொலைத்தொடர்பு நிறுவனங்கள் இருக்கின்றன. அந்தக் குடும்பங்களுக்காகப் பேச அங்கு எவரும் இல்லை. அந்த இடத்தை நிரப்ப வேண்டிய கடமை அரசுக்குத்தான் இருக்கிறது.