பிளஸ்-1ல் எந்த குரூப்? பாடம் இல்லேன்னு தனியாருக்கு ஓடினால் கோட்டா போச்சு!

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்துவிட்டால் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான். 'எந்த குரூப் எடுக்கலாம்?' மார்க் நல்லா இருந்தா பர்ஸ்ட் குரூப், சுமாரா இருந்தா காமர்ஸ், அதுக்கும் கீழேன்னா வொகேஷனல்... இப்படி மார்க்கை மட்டும் பார்த்து முடிவு செய்துவிடுகிறார்கள். எந்த குரூப்பில் சேர்ந்தால் எந்த கதவு திறக்கும், எது மூடும் என்பது பல பெற்றோருக்கு பிளஸ்-2 முடிந்த பிறகுதான் தெரிய வருகிறது. அதற்குள் 2 வருஷம் ஓடிவிடுகிறது.

சயின்ஸ் குரூப்பிலேயே 3 ரகம்

சயின்ஸ் என்றால் எல்லாம் ஒன்று என்று நினைக்க வேண்டாம். இயற்பியல், வேதியியல் இரண்டும் பொது. கூட வரும் 2 பாடத்தில்தான் விஷயமே இருக்கிறது.

* கணிதம், உயிரியல் சேர்ந்தால் டாக்டர், இன்ஜினியர் இரண்டு பக்கமும் போகலாம். படிக்க வேண்டிய சுமையும் இதில்தான் அதிகம்.

* கணிதம், கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் இன்ஜினியரிங் பக்கம் தாராளமாக போகலாம். ஆனால் உயிரியல் இல்லாததால் மருத்துவம், நர்சிங் பக்கம் போக முடியாது.

* தாவரவியல், விலங்கியல் இருக்கும் 'பியூர் சயின்ஸ்' என்றால் மருத்துவம், நர்சிங், பார்மசி எல்லாம் உண்டு. ஆனால் கணிதம் இல்லை. இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் கட்-ஆப் 200. அதில் கணிதத்துக்கு மட்டும் 100. இயற்பியல் 50, வேதியியல் 50. கணிதமே படிக்காத பிள்ளைக்கு அந்த கட்-ஆப் எப்படி வரும்?

பிளஸ்-1ல் எடுத்த பாடம்தான் பிளஸ்-2விலும். பாதியில் மாற முடியாது. 15 வயதில் போடும் முடிச்சு இது.

அரசே கைவிட்ட திட்டம்

பாடச்சுமையை குறைக்கிறோம் என்று சொல்லி 2019ல் தமிழக அரசு ஒரு அறிவிப்பு வெளியிட்டது. 4 முக்கிய பாடத்துக்கு பதில் 3 பாடம் மட்டும் படித்து 500 மார்க்குக்கு தேர்வு எழுதலாம் என்றார்கள். கணிதம் வேண்டாம் என்றால் விடலாம், உயிரியல் வேண்டாம் என்றால் விடலாம். 'சுமை குறையும் சரி, வாய்ப்பும் சேர்ந்து குறையுமே?' என்று எதிர்ப்பு கிளம்பியது. 2020ல் அந்த திட்டம் கைவிடப்பட்டது. பழையபடி 600 மார்க்தான் தொடர்ந்தது.

அந்த கேள்வி இன்றைக்கும் பொருந்தும். ஒரு பாடத்தை விடும்போது கூடவே எதை விடுகிறோம் என்று பார்க்க வேண்டும்.

பக்கத்து பள்ளியில் இல்லையே... என்ன செய்வது?

பிரச்சினை இங்கேதான். எல்லா அரசு மேல்நிலைப்பள்ளியிலும் எல்லா குரூப்பும் இருக்காது. ஒரு குரூப் நடத்த பாடத்துக்கு ஒரு முதுகலை ஆசிரியர் வேண்டும். ஆய்வகம் வேண்டும். சேர பிள்ளைகள் வேண்டும். சின்ன ஊர் பள்ளியில் விலங்கியலுக்கு ஆள் இல்லை என்றால் உயிரியல் குரூப்பே இருக்காது. சயின்ஸ் பாடத்தில் எழுத்து தேர்வுக்கு 70 மார்க்தான். மீதி 30, செய்முறைக்கும் அக மதிப்பீட்டுக்கும். லேப் பெயருக்கு மட்டும் இருந்தால் அடிபடுவது பிள்ளைதான்.

அதனால் அப்பா என்ன செய்கிறார்? நகையை அடகு வைக்கிறார், வட்டிக்கு வாங்குகிறார், 'நம்ம புள்ள டாக்டராகணும்' என்று தனியார் பள்ளியில் பிளஸ்-1 சேர்க்கிறார். அங்கேதான் பெரிய இழப்பு காத்திருக்கிறது.

7.5 சதவீதம் போச்சு!

அரசு பள்ளி மாணவர்களுக்கு மருத்துவ படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020ல் வந்தது. நீட் பாஸ் ஆக வேண்டும். ஆனால் போட்டி அரசு பள்ளி பிள்ளைகளுக்குள் மட்டும்தான். 2021ல் இன்ஜினியரிங், வேளாண்மை, கால்நடை, சட்டம் போன்ற தொழில் படிப்புகளுக்கும் இந்த ஒதுக்கீடு வந்தது. இந்த கோட்டாவில் சேர்பவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கும் என்றும் அறிவிக்கப்பட்டது.

இதற்கு முக்கிய நிபந்தனை, 6 முதல் 12ம் வகுப்பு வரை அரசு பள்ளியில் படித்திருக்க வேண்டும். கார்ப்பரேஷன், நகராட்சி பள்ளியும் கணக்கில் வரும். ஆனால் அரசு உதவி பெறும் பள்ளி வராது. 6ல் இருந்து 10 வரை 5 வருஷம் அரசு பள்ளியில் படித்துவிட்டு கடைசி 2 வருஷம் தனியாருக்கு போனால் அந்த 5 வருஷமும் வீண். கடன் வாங்கி பீஸ் கட்டி, கையில் இருந்த கோட்டாவையும் பறிகொடுத்த கதைதான்.

ஆகவே குரூப் இல்லை என்றால் பள்ளியை மாற்றுங்கள்... இன்னொரு அரசு பள்ளிக்கு! 5, 6 கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் பஸ் பாஸ் இருக்கிறது. நன்றாக படிக்கும் பிள்ளை என்றால் விடுதியுடன் கூடிய மாதிரிப் பள்ளி பற்றியும் விசாரிக்கலாம்.

தவறாக எடுத்துவிட்டால்?

முழுசாக வழி அடைந்துவிடாது. உயிரியல் படிக்காதவர்கள் அதை கூடுதல் பாடமாக தனியே எழுதி பாஸ் செய்தாலும் நீட் எழுதலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்தது. ஆனால் அதற்கு இன்னும் காலம், செலவு, உழைப்பு. முதலிலேயே சரியாக எடுப்பது சுலபம்.

இன்ஜினியர் ஆக வேண்டும், ஆனால் பிளஸ்-2 பயமாக இருக்கிறது என்றால் பத்தாவது முடித்ததும் பாலிடெக்னிக் போகலாம். 3 வருஷ டிப்ளமோ முடித்து நேராக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர வழி இருக்கிறது.

4 கேள்வி கேளுங்க

விண்ணப்பம் கொடுக்கும் முன் தலைமை ஆசிரியரிடம் கேட்க வேண்டியது இதுதான். இந்த குரூப்புக்கு எல்லா பாடத்துக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்காரா? லேப் நடக்குதா? இந்த குரூப் எடுத்தா எந்த படிப்புக்கு போக முடியாது? இங்கே இல்லாத குரூப் பக்கத்தில் எந்த அரசு பள்ளியில் இருக்கு?

அப்புறம் பிள்ளையிடம் ஒரு கேள்வி. 'உனக்கு கணக்கு வருமா, வராதா?' பக்கத்து வீட்டு பையன் எந்த குரூப் என்பது நமக்கு தேவையில்லை. ஒரு நாள் வேலைக்கு லீவு போட்டாவது இதை கேட்டுட்டு வாங்க. ஒரு நாள் கூலி போகலாம்... 2 வருஷ படிப்பும் கோட்டாவும் போகக்கூடாது.