பலூன் கேட்டது என்ன, நாங்கள் ஷெயார் பண்ணியது என்ன?

 

போன கிழமை எங்கட வாட்ஸ்அப் குழுக்களில் அந்தச் செய்தி திரும்பவும் சுற்றியது. நாசா அனுப்பிய பலூனுக்கு வானத்திலிருந்து பெரும் ஓசை கேட்டதாம், அதை நம் வேதம் 1400 வருடத்துக்கு முன்பே சொல்லிவிட்டதாம். கீழே வரிசையாக மாஷா அல்லாஹ். பலூன் எதற்குப் போனது என்று ஒருவரும் கேட்கவில்லை. நாங்களும் ஒருகாலம் இப்படி ஷெயார் பண்ணியவர்கள்தான்.

நடந்தது இது. 2006 ஜூலையில் டெக்சாஸில் பலஸ்தீன் என்ற ஊரிலிருந்து (ஆம், அங்கேயும் அந்தப் பெயரில் ஓர் ஊர் உண்டு) ஆர்கேட் என்ற கருவியைப் பலூனில் 37 கிலோமீற்றர் உயரத்துக்கு ஏற்றினார்கள். பெருவெடிப்பின் மிச்ச வெப்பம் இன்று மறை 270 பாகை செல்சியஸ் அளவில் வானமெங்கும் நுண்ணலையாகப் பரவிக் கிடக்கிறது. அதை அளக்கிற கருவி தானே சூடாக இருந்தால் தன் சூட்டைத்தான் அளக்கும். ஆகவே ஏறத்தாழ 1900 லீற்றர் திரவ ஹீலியத்தை வைத்துக் கருவியையும் அதே குளிருக்கு இறக்கினார்கள். வளிமண்டலமும் இடைஞ்சல், அதனால்தான் பலூன். முதல் நட்சத்திரங்களின் சுவட்டைத் தேடிப் போனவர்களுக்கு, எதிர்பார்த்ததைவிட ஆறு மடங்கு ரேடியோ இரைச்சல் கிடைத்தது. காதுக்குக் கேட்கும் ஓசை அல்ல, கருவியில் பதிந்த அலை. 2009இல் அறிவித்தபோதே, எங்கிருந்து வருகிறதென்று தெரியாது என்றார்கள். இன்றைக்கும் முடிவான விடை இல்லை.

அளந்தவனுக்கே விடை தெரியாத ஒன்றை முன்பே சொல்லப்பட்டது என்கிறோமே, எது சொல்லப்பட்டது? நாளைக்கு அவர்கள் காரணம் கண்டுபிடித்தால் வசனத்தின் பொருளையும் மாற்றுவோமா? இது ஈமான் அல்ல, சோம்பல். அல்பிரூனியின் கையிலும் குர்ஆன் இருந்தது. அவர் மலையேறி அடிவானத்தின் கோணத்தை அளந்து பூமியின் ஆரையைக் கணித்தார்.

பணக்கார நாட்டு வேலை என்று சொல்லித் தப்பவும் முடியாது. பெங்களூர் ராமன் ஆய்வு நிறுவனத்தார் 2020இல் சரஸ் என்ற ரேடியோக் கருவியை மிதவையில் வைத்துக் கர்நாடகாவின் தண்டிகனஹள்ளி ஏரியிலும் ஷராவதி நீர்த்தேக்கத்திலும் விட்டார்கள். தரையென்றால் மண்ணும் கல்லும் கலந்து அளவைக் குழப்பும், தண்ணீர் ஒரே சீராக இருக்கும். முதல் நட்சத்திரங்களின் சமிக்ஞை கிடைத்ததாக 2018இல் ஓர் அமெரிக்கக் குழு சொன்னதை, அந்த மிதவையின் அளவீட்டைக் காட்டி 2022இல் மறுத்தார்கள். மிதவை! குருநகர்ப் பிள்ளைக்கு அதைக் கட்டப் படிப்பிக்கவா வேணும்?

வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவன், "உப்புத்தண்ணி என்றால் சரிவருமா சேர்?" என்று கேட்டான். எல்லாம் முன்பே சொல்லியாயிற்று என்று வீட்டில் கேட்டு வளரும் பிள்ளைக்கு இந்தக் கேள்வி எப்படி வரும்?

குழு அட்மின்மாரே, அந்தச் செய்தி இன்னும் அப்படியே கிடக்கிறது. திருத்தப் போகிறீர்களா, நீக்கப் போகிறீர்களா?